வக்கில்லை என்று எழுதிவிட்டீர்கள்

அன்புள்ள ஐயா,

கரூரில் திரைச்சீலை, படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். தமிழ் வழியில் படித்தவன். சாயப்பட்டறையில் தாமதமானதால் 20ஆம் தேதிக்கு முன் சரக்கை அனுப்ப முடியாது என்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 'வீ ஆர் இன்கேப்பபிள் டு ஷிப் தி கூட்ஸ்' என்று எழுதியிருந்தேன். 'அப்படியானால் ஆர்டரை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிடலாமா?' என்று பதில் வந்தது. முதலாளி தொலைபேசியில் பேசிச் சரிக்கட்டினார். என்னிடம் உள்ள அகராதியில் அன்ஏபிள், இன்கேப்பபிள், இன்காம்பிடென்ட் மூன்றுக்கும் 'இயலாத', 'திறனற்ற' என்றுதான் போட்டிருக்கிறது. எதை எங்கே எழுதுவது? 'கான்ட்' என்று எழுதித் தொலைக்க வேண்டியதுதானே என்கிறார் மேலாளர். அவர் சொல்வது சரியா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்று, பொருட்பிழை ஒன்று. முதலாவதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. அன்ஏபிள் என்றால் பின்னால் 'டு ஷிப்' வரும். இன்கேப்பபிள் என்றால் 'ஆஃப் ஷிப்பிங்' வரும். நீங்கள் ஒன்றின் வாலை இன்னொன்றில் ஒட்டிவிட்டீர்கள். அதற்காக யாரும் ஆர்டரை மாற்ற மாட்டார்கள்.

ஆர்டரை ஆட்டிப் பார்த்தது பொருட்பிழை. அன்ஏபிள் என்றால் இந்த முறை, இந்தக் காரணத்தால், முடியவில்லை. இன்கேப்பபிள் என்றால் அதற்கான திராணியே இல்லை. 'இந்த மாதம் சரக்கு தாமதமாகும்' என்று சொல்ல நினைத்து, 'சரக்கு அனுப்ப எங்களுக்கு வக்கில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். வக்கில்லாதவரிடம் ஆர்டரை யார் விட்டுவைப்பார்கள்? அந்த வாடிக்கையாளர் கேட்டது நியாயமான கேள்விதான்.

அகராதியைப் பார்த்துக் குழம்பியிருக்கிறீர்கள். 'இயலாத' என்பது அகராதிக்காரருக்கு வசதியான சொல். வீட்டிலோ தறிக்கூடத்திலோ அதை யார் சொல்கிறார்கள்? நாம் பேசுகிற தமிழில் இந்த வேறுபாடெல்லாம் துல்லியமாக இருக்கிறது. 'இன்றைக்கு என்னால் பாட முடியவில்லை' என்றால் தொண்டை கட்டியிருக்கிறது, நாளை பாடுவார். 'எனக்குப் பாட்டு வராது' என்றால் நாளைக்கும் பாட மாட்டார். பாட்டையே தொழிலாக வைத்திருப்பவரைப் பார்த்து 'இந்த ஆள் லாயக்கில்லை' என்றால் அது வசை. முடியவில்லை என்பது அன்ஏபிள், வராது என்பது இன்கேப்பபிள், லாயக்கில்லை என்பது இன்காம்பிடென்ட். இந்த மூன்றையும் தமிழில் நீங்கள் ஒருநாளும் மாற்றிச் சொல்லியிருக்க மாட்டீர்கள். எழுதும் முன் அகராதியை மூடிவிட்டு, இதை அம்மாவிடம் சொல்வதாக இருந்தால் எப்படிச் சொல்வேன் என்று யோசியுங்கள்.

இன்கேப்பபிள் எப்போதும் குறை சொல்லும் சொல் என்றும் நினைத்துவிட வேண்டாம். 'ஹீ இஸ் இன்கேப்பபிள் ஆஃப் லையிங்' என்றால் அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று பொருள். அது பாராட்டு. அங்கே அன்ஏபிள் போட்டால், பொய் சொல்லப் பார்த்தார், ஏதோ தடுத்துவிட்டது என்றாகிவிடும்.

இன்காம்பிடென்ட் என்ற சொல்லிடம் நானே அடிபட்டிருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிது. ஒரு பில் தொகை எங்கள் அதிகாரி அனுமதிக்கக்கூடிய வரம்பைத் தாண்டியிருந்தது. மேலே அனுப்ப வேண்டும். கோப்பில் குறிப்பு எழுதினேன்: 'தி ஆபீசர் இஸ் இன்காம்பிடென்ட் டு சாங்ஷன் திஸ் அமவுன்ட்.' நம் அலுவலகங்களில் 'காம்பிடென்ட் அத்தாரிட்டி' என்ற தொடர் நாள் முழுதும் புழங்கும், அனுமதி தரும் அதிகாரம் உள்ளவர் என்ற பொருளில். அப்படியானால் அதிகாரம் இல்லாதவர் இன்காம்பிடென்ட்தானே என்று கணக்குப் போட்டிருந்தேன். கண்காணிப்பாளர் கூப்பிட்டார். கோப்பை என் பக்கம் திருப்பி, சிவப்பு மையால் அந்த 'இன்'னை மட்டும் அடித்து, மேலே 'நாட்' என்று எழுதினார். "இது அவர் மேசைக்குப் போயிருந்தால் உனக்கு மாற்றல் உத்தரவு அடிக்க வேறு ஆளைத் தேடியிருப்பேன்" என்றார். நாட் காம்பிடென்ட் என்றால் இந்தத் தொகைக்கு அவருக்கு அதிகாரம் இல்லை. இன்காம்பிடென்ட் என்றால் ஆளே லாயக்கில்லை.

என் கணக்கு முழுத் தப்பும் இல்லை என்பதுதான் வேடிக்கை. சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வசை வாடை கிடையாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 11ஆம் பிரிவில், ஒப்பந்தம் செய்துகொள்ளக் காம்பிடென்ட் யார் என்று சொல்கிறது: உரிய வயது வந்திருக்க வேண்டும், மனநலம் சரியாக இருக்க வேண்டும், வேறு சட்டம் எதுவும் அவரைத் தடுத்திருக்கக் கூடாது. மாநிலத்திலேயே முதல் மதிப்பெண் வாங்கிய பதினேழு வயதுப் பெண்ணும் அந்தக் கணக்கில் இன்காம்பிடென்ட்தான். மருத்துவர்கள் சரியாக மூடாத இதய வால்வை இன்காம்பிடென்ட் வால்வு என்பார்கள். வால்வு கோபித்துக்கொள்ளாது. மனிதர்களைப் பற்றி, அதுவும் கடிதத்தில், எழுதும்போதுதான் அது அடிக்கிறது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடிக்கடி கண்ணில் படுவதால் சொல்கிறேன். 'ஐ ஆம் இம்பாசிபிள் டு கம்' என்று எழுதாதீர்கள். காரியம்தான் இம்பாசிபிள் ஆகும், ஆள் ஆவதில்லை. ஆளை இம்பாசிபிள் என்றால் அவரோடு மாரடிக்க முடியாது என்று அர்த்தம். அன்ஏபிளைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைத்து 'அன்ஏபிள் மேன்' என்றும் எழுதக் கூடாது. பெயர்ச்சொல்லாக மாறும்போது 'அன்' போய் 'இன்' வந்து இன்எபிலிட்டி ஆகிவிடும். இதற்குக் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று ஆங்கிலத்தின் சொந்த முன்னொட்டு, மற்றது லத்தீனிலிருந்து வந்தது. வடமொழி வழியாக நம்மிடம் வந்த அநாவசியம், அநீதி இவற்றின் முன்னால் நிற்கும் எதிர்மறையும் இவற்றுக்குத் தாயாதிதான்.

இனி உங்கள் மேலாளருக்கு. கான்ட் என்பது இலக்கணப்படி சரி. பேச்சில் அதுவே போதும். ஆனால் எழுத்தில், பணம் கொடுப்பவருக்கு எழுதும்போது, கொஞ்சம் வெட்டிப் பேசுவது போல இருக்கும். அன்ஏபிளில் ஒரு தயக்கம் இருக்கிறது, பின்னால் ஏதோ காரணம் இருப்பதும் தெரிகிறது. பள்ளி விடுப்புக் கடிதத்தில் காய்ச்சலைச் சொல்லிவிட்டு 'ஐ ஆம் அன்ஏபிள் டு அட்டெண்ட் ஸ்கூல்' என்று எழுதினோமே, அதே தயக்கம்தான். 'வில் நாட்' இன்னும் மோசம். 'அனுப்ப மாட்டோம்' என்பதை அப்படியே பெயர்த்து 'வீ வில் நாட் ஷிப்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். படிப்பவருக்கு அது மறுப்பாகவும் படலாம். தமிழில் 'மாட்டு' என்பதற்கே ஒருகாலத்தில் இயலுதல் என்ற பொருள் இருந்தது. 'அழுகையை அடக்கமாட்டாமல்' என்று எழுதும்போது அது இன்னும் எட்டிப் பார்க்கிறது. 'மாட்டேன்' மட்டும் பிடிவாதக்காரனாகிவிட்டது.

அடுத்த முறை இப்படி எழுதுங்கள்: 'டியூ டு எ டிலே அட் தி டையிங் யூனிட், வீ வில் பீ அன்ஏபிள் டு ஷிப் பிஃபோர் தி ட்வென்டியத்.' கூடவே எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்பதை அடுத்த வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர் தேடுவது அந்தத் தேதியைத்தான். இன்காம்பிடென்ட் பக்கம் மட்டும் இன்னும் சில வருடங்களுக்குப் போகாதீர்கள், சாயப்பட்டறைக்காரரைப் பற்றி எழுத நேர்ந்தாலும்கூட.