மறு: ரெண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே பெயர், பிரிண்ட் சில நேரம் மட்டும் வருது

அண்ணாச்சி, புளியரையில கரண்ட் போய் வந்தா ஒரு கம்ப்யூட்டர்ல "இதே பெயர் நெட்வொர்க்கில் ஏற்கெனவே உள்ளது"ன்னு வருது, மகளோட லேப்டாப்ல இருந்து பிரிண்ட் சில நேரம் போகுது சில நேரம் போகல, ஆனா இன்டர்நெட் ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க. ரௌட்டர் மேல பழி போடாதீங்க, புதுசும் வாங்க வேண்டாம்.

புனலூர்ல ஒரே கடையில பழசா ரெண்டு வாங்கினேன்னு சொன்னீங்களே, விஷயம் அங்கதான். ஒண்ணுல விண்டோஸ் ஏத்தி, அப்படியே மத்ததுக்கும் நகல் போட்டிருப்பாங்க. பெயரும் கூடவே வந்திருக்கு. இன்டர்நெட்டுக்கு ஐபி எண் (நெட்வொர்க்ல ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உள்ள முகவரி எண்) போதும், ரௌட்டர் அதைத் தனித்தனியாத்தான் கொடுக்குது. பிரிண்டரை மட்டும், அது மாட்டியிருக்கிற கம்ப்யூட்டரோட பெயரை வச்சுத்தான் லேப்டாப் தேடுது. கரண்ட் வந்ததும் எது முதல்ல எழும்புதோ அது பெயரைப் பிடிச்சுக்கும். அது பிரிண்டர் மாட்டினதா இருந்தா பிரிண்ட் வரும், இல்லேன்னா வராது. சாரல் காலத்துல கரண்ட் போய் போய் வந்தா கேக்கவே வேண்டாம்.

பிரிண்டர் மாட்டாத கம்ப்யூட்டரோட பெயரை மாத்துங்க: செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட், அதுல ரீநேம். ஆங்கில எழுத்து, எண், நடுவுல சிறுகோடு, எல்லாம் சேர்த்து 15-க்குள்ள, இடைவெளி ஆகாது. ரீஸ்டார்ட் பண்ணினாத்தான் மாறும். மத்ததோட பெயரைத் தொட்டுடாதீங்க, லேப்டாப்ல பிரிண்டரைத் திரும்பச் சேர்க்க வேண்டி வரும்.

அப்பவும் அந்தச் செய்தி வந்தா, ரெண்டுலயும் கமாண்ட் பிராம்ப்ட்ல (கட்டளை அடிக்கிற ஜன்னல்) hostname-னு ஆங்கிலத்துல அடிச்சு, வர்றதை இங்க போடுங்க.