பேதி மாத்திரை காசுல பொறந்த ஆர்கெஸ்ட்ரா

கேள்வி: 1993ல நம்ம ராஜா சார் லண்டன் போய் சிம்பொனி ரெக்கார்ட் பண்ணாரே, அந்த ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவ ஆரம்பிச்சது ராஜ குடும்பமா?

பதில்: பேர்ல ராயல் இருக்கவும் நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். ஆரம்பிச்சது மாத்திரை கம்பெனி வீட்டு பையன், தாமஸ் பீச்சம். தாத்தா பேரும் தாமஸ் பீச்சம்தான், அவர் தயார் பண்ண பேதி மாத்திரை அந்தக் காலத்துல சக்கைப் போடு போட்டுச்சு, அந்த கம்பெனிதான் பின்னாடி கைமாறி கைமாறி கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன்ல போய் கலந்துச்சு. பேரன் பொறந்தது 1879, லங்காஷயர்ல செயின்ட் ஹெலன்ஸ். கண்டக்டிங்க, அதாவது முன்னாடி நின்னு ஆர்கெஸ்ட்ராவ நடத்துறத, அவரா கத்துக்கிட்டதுதான். 1899ல அப்பா அந்த ஊர் மேயர் ஆனதுக்கு மான்செஸ்டர்ல இருந்து ஹாலே ஆர்கெஸ்ட்ராவ வரவழைச்சாங்க, நடத்த வேண்டிய ஹான்ஸ் ரிக்டர் வர முடியாம போச்சு, இருபது வயசு பையன் அந்த இடத்துல ஏறி நின்னுட்டாரு. வீட்டுல காசு இருந்தா இப்படியும் நடக்கும், அத மறைக்க வேண்டியதில்ல. ஆனா காசு இருந்த எல்லா பையனும் அங்க போய் நின்னுடலையே.

சொந்தமா ஆர்கெஸ்ட்ரா வேணும்னு அவருக்கு தோணினதுக்கு காரணம் கேட்டா சிரிப்பு வரும். அப்போ லண்டன்ல 'டெபுடி' பழக்கம்னு ஒண்ணு இருந்துச்சு, நல்ல காசுக்கு வேற கச்சேரி வந்தா நம்ம கச்சேரிக்கு பதில் ஆள அனுப்பிடலாம். அதாவது நீங்க ஆசைப்பட்டு புக் பண்ணது 'அ'வ, முதல் ரிகர்சலுக்கு வர்றது 'ஆ', சரி பரவால்லன்னு விட்டா ரெண்டாவது ரிகர்சலுக்கு 'ஆ' அனுப்புற 'இ' வருவாரு, கச்சேரி அன்னைக்கு மேடையில உக்காந்திருக்கிறது 'ஈ', அவர் வராம இருக்கணும்னா நீங்களே கையில காசு குடுத்து அனுப்பிடுவீங்க! இந்த சண்டையிலதான் 1908ல ஏற்கனவே நடத்திட்டு இருந்த நியூ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவ விட்டு வெளிய வந்து, 1909ல தன் பேர்லயே ஒண்ணு ஆரம்பிச்சாரு. பெரிய ஆளுங்கள தேடிப் போகல. தியேட்டர் பேண்டு, மியூசிக் காலேஜ், ஓட்டல்னு தேடித் தேடி புடிச்சாரு, சராசரி வயசு 25. லீடரா, அதாவது முதல் வயலின்காரரா உக்காந்த ஆல்பர்ட் சாமன்ஸ் வால்டார்ஃப் ஓட்டல்ல வந்தவங்க சாப்பிடும்போது வயலின் வாசிச்சுட்டு இருந்தவரு.

நடுவுல காசு விஷயத்துல நல்லா மாட்டினாரு. அப்பா 1914ல லண்டன்ல ஓபரா ஹவுஸ் இருக்குற கோவென்ட் கார்டன் இடத்தையே 20 லட்சம் பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டு, 1916ல இறந்துட்டாரு, அந்த சிக்கல அவிழ்க்குறதுக்காக மகன் சில வருஷம் மேடைப் பக்கமே சரியா வர முடியல. அப்புறம் 1932ல லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா, அதுவும் இவர் ஆரம்பிச்சதுதான். 1939ல யுத்தம் வந்துச்சு, பணம் போட்டவங்க ஒதுங்கிட்டாங்க, வாசிக்கிறவங்களே நிர்வாகத்த எடுத்துக்கிட்டாங்க. இவர் அமெரிக்கா எல்லாம் போயிட்டு 1944ல திரும்பி வந்தா, நீங்க வரலாம் சார், ஆனா எங்ககிட்ட சம்பளத்துக்குன்னு சொல்லிட்டாங்க. அவங்க பக்கம் நியாயம் இருக்குன்னுதான் எனக்கு தோணுது, யுத்த காலத்துல குண்டு விழுந்த ஊர்ல இருந்து வாசிச்சது அவங்கதானே. இவரா, ஆர்கெஸ்ட்ரா என்னை ஆட்டி வைக்க விடமாட்டேன்னு முறுக்கிக்கிட்டு, 67 வயசுல, 1946ல இன்னொண்ணு ஆரம்பிச்சாரு, அதுதான் நீங்க கேட்டது. ராயல் ஃபில்ஹார்மோனிக் சொசைட்டின்னு கச்சேரி நடத்துற சங்கம், அவங்க கச்சேரிக்கெல்லாம் இனி இவங்கதான்னு பேசி முடிச்சாரு, பேரும் அப்படி வந்தது. ராணி தரப்புல இருந்து ராயல்ங்குற பட்டம் முறையா கிடைச்சது 1966ல, பீச்சம் இறந்து அஞ்சு வருஷம் கழிச்சு.

கேள்வி: கண்டக்டர் குச்சிய ஆட்டுறாரு, வாசிக்கிறவங்க பேப்பரதானே பாக்குறாங்க?

பதில்: கரெக்ட், அந்த பேப்பர்லயும் அவர்தான் இருக்காரு! பீச்சம் நீலப் பென்சில எடுத்து ஸ்கோர் பூரா, அதாவது எல்லா வாத்தியத்துக்கும் சேர்த்து எழுதின இசைத்தாள் பூரா கிறுக்குவாரு, இங்க மெதுவா, இங்க ஏறு, இந்த இடத்துல வயலின் அடங்கி குழல் வெளிய வரணும்னு. லைப்ரரியன் உக்காந்து அத ஒவ்வொருத்தர் தாள்லயும் ஏத்தணும். ஆக பாதி வேலை ரிகர்சலுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும், மீதிக்குத்தான் ஓரக்கண்ணு.

கேள்வி: அக்கா பையன் கண்டக்டர் ஆகணும்ங்கறான், எங்ககிட்ட மாத்திரை கம்பெனி இல்லையே?

பதில்: இங்கிலாந்து கண்டக்டர் சைமன் ராட்டில்கிட்டயும் இல்ல. லண்டன் ராயல் அகாடமி மியூசிக் காலேஜ்ல படிக்கும்போது 1973ல, கூட படிச்ச பசங்கள சேர்த்து மாலர்ங்குற இசையமைப்பாளரோட ரெண்டாவது சிம்பொனிய நடத்தினாரு, அதுக்கு பெரிய ஆர்கெஸ்ட்ராவும் கோரஸும் வேணும், வயசு 18தான். அடுத்த வருஷமே ஒரு போட்டில ஜெயிச்சு போர்ன்மத் ஊர் ஆர்கெஸ்ட்ராவுல உதவி கண்டக்டர் ஆயிட்டாரு. பையன் ஒரு வாத்தியத்த ஒழுங்கா கத்துக்கட்டும், ஸ்கோர் படிக்கப் பழகட்டும், அப்புறம் எட்டு பேர சொன்ன நேரத்துக்கு ரிகர்சலுக்கு வரவழைக்க முடியுதான்னு பாருங்க. டெபுடி அனுப்பாம.