ஐடி வேலையில் இருந்துகொண்டே இசையமைக்க முடிகிறதா? வேலையை விட்டுவிடலாமா?

பதினோரு வருடமாகச் சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்எண்ட் வேலை. வீட்டில் குறும்படங்களுக்குப் பின்னணி இசை, நண்பர்களின் பாட்டுக்கு மிக்ஸிங் (பதிந்த குரலையும் வாத்தியங்களையும் சமன்படுத்திச் சேர்ப்பது).

எல்லோரும் நேரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு முதலில் தட்டுப்பட்டது காது. பகல் முழுக்க ஹெட்செட்டோடு மீட்டிங், ராத்திரி ஒன்பதரைக்கு அமெரிக்க டீமோடு இன்னொன்று. அது முடிந்து பத்தரைக்கு மிக்ஸ் பண்ண உட்காருவேன். காது களைத்திருக்கும்போது உச்ச ஸ்தாயிச் சத்தங்கள் சரியாக எட்டாது. பாட்டுதான் மங்கலாக இருக்கிறது என்று நினைத்து அந்த உச்ச ஒலிகளை, அதாவது ட்ரெபிளை, ஏற்றுவேன், கூடவே வால்யூமும் ஏறும். காலையில் போட்டுக் கேட்டால் ஜால்ரா, தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கும். ஒரு குறும்படத்துக்கு நான்கு ராத்திரி உழைத்ததை அப்படியே தூக்கிப் போட்டேன்.

இப்போது கேட்டு முடிவெடுக்கிற வேலையெல்லாம் காலை ஐந்தே கால் முதல் ஆறே முக்கால் வரை. அதற்கு மேல் குக்கர் விசில், தண்ணி லாரி. ராத்திரியில் டிராக்குக்குப் பெயர் வைப்பது, பேக்கப் எடுப்பது போன்ற குமாஸ்தா வேலை மட்டும். குரல் பதிவு ஞாயிற்றுக்கிழமை, எதிரொலி அடங்க அம்மாவின் புடவை பீரோவைத் திறந்து வைத்து, ஃபேனை அணைத்துவிட்டு. மே மாதத்தில் பாட வருகிறவர் பாவம்.

சம்பளம் வருகிறதே என்று சாமான் வாங்கிக் குவிக்காதீர்கள் (நான் குவித்தேன்). ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். புளூடூத் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடிப் பதியவே பதியாதீர்கள். பெரும்பாலும் நூறு மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாகும், தாளம் நழுவிவிடும். வயர் ஹெட்போன் மாட்டி, 48,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலி அளவீடு) பஃபரை, கம்ப்யூட்டர் ஒரு தடவையில் கையாளும் ஒலித்துண்டை, 128 சாம்பிளாக வைத்தால் ஒரு பஃபருக்கு 2.7 மில்லிசெகண்ட் தாமதம்தான்.

காசு வாங்குமுன் வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வெளிவேலைக்கு முன் அனுமதி வேண்டும் என்று என்னுடையதில் இருந்தது. எச்ஆருக்கு மெயில் போட்டேன், சம்மதம் வர மூன்று வாரம் ஆனது. கம்பெனி லேப்டாப்பில் ஒரு ஸ்வரம்கூடப் பதிவதில்லை.

வேலையை விடுவது பற்றிக் கேட்டீர்கள். பாஸ்டன் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவைத் தொடங்கிய டாம் ஷோல்ஸ் எம்ஐடியில் இயந்திரவியல் படித்தவர். பகலில் போலராய்டு கேமரா கம்பெனியில் இன்ஜினியர், மீதி நேரம் வீட்டு நிலவறையில் ரெக்கார்டிங். அந்தக் குழுவின் 1976 ஆல்பத்தில் பெரும்பகுதி அங்கேதான் பதிவானது. அந்த ஆல்பம் கோடிக்கும் மேல் விற்றது. எனக்குப் போன வருடம் இசையில் வந்தது இரண்டு மாத வீட்டு வாடகை. ஆகவே பேட்ஜ் இன்னும் கழுத்தில்தான் தொங்குகிறது.

மணி பதினொன்று. நேற்றுப் பதிந்த நாதஸ்வர பிட் ஒன்று கொஞ்சம் கம்மலாக இருக்கிற மாதிரி தோன்றுகிறது. காலை ஐந்தே காலுக்குத்தான் தொடுவேன்.