அட்டையில் 2000 வாட்ஸ், ஆம்ப்ளிஃபயரில் எவ்வளவு?
கார் ஆடியோ: வாசகர் கேள்வி-பதில்

ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். முன்கதவுகளில் 6.5 இன்ச் காம்பொனென்ட் ஸ்பீக்கர் போட்டேன் (60 வாட்ஸ் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்கும் பவர்; 4 ஓம்ஸ்). கம்பெனி ஸ்டீரியோவிலேயே 50 வாட்ஸ் வீதம் நான்கு சேனல் இருக்கிறதே, ஆம்ப் எதற்கு என்கிறார் ஒரு கடைக்காரர். இன்னொருவர் 2000 வாட்ஸ் என்று அட்டையில் போட்ட 4 சேனல் ஆம்ப்பை 4500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், நாமக்கல்

இரண்டு பேர் சொன்ன எண்ணையும் ஒதுக்கிவிடுங்கள்.

முதலில் அந்த 50 வாட்ஸ். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சின்ன ஐசிக்கு (ஆம்ப் சிப்) கிடைப்பது, இன்ஜின் ஓடும்போது கார் பேட்டரியில் இருக்கும் அதிகபட்சம் 14.4 வோல்ட்தான். அந்த வோல்டேஜ் முழுவதும் 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் மேல் விழுந்தால் 14.4 பெருக்கல் 14.4, வகுத்தல் 4: சுமார் 52 வாட்ஸ். அலையின் தலையும் அடியும் வெட்டுப்பட்டு, பாட்டு கரகரவென்று உடைந்து கேட்கும் நிலையில்தான் அது வரும். உடையாத சுத்தமான அலைக்கு இதில் பாதி, அதாவது 26 வாட்ஸ், கணக்குப்படி உச்சவரம்பு. ஐசியில் போகும் நஷ்டத்தையும் கழித்தால் கையில் நிற்பது சேனலுக்கு 15 முதல் 20 வாட்ஸ். உங்கள் 60 வாட்ஸ் ஸ்பீக்கர் அதிலும் பாடும். ஆனால் ஹைவேயில் கண்ணாடியை இறக்கிவிட்டு வால்யூமைக் கூட்டினால் முதலில் உடைவது ஸ்டீரியோதான். ஆகவே ஆம்ப் தேவை.

அடுத்து 2000 வாட்ஸ். அட்டையைப் பார்க்காமல் ஆம்ப்பைத் திருப்பி, பவர் டெர்மினல் பக்கத்தில் செருகியிருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். 20 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 பெருக்கல் 13.8 வோல்ட், 276 வாட்ஸ்: உள்ளே போவதே அவ்வளவுதான். கிளாஸ் ஏபி வகை ஆம்ப் அதில் சுமார் 60 சதவீதத்தை ஸ்பீக்கருக்குத் தரும், மீதி வெப்பமாகப் போய்விடும். ஆக 165 வாட்ஸ், நான்கால் வகுத்தால் சேனலுக்கு 41. கிளாஸ் டி என்றால் 80 சதவீதம் என்று போட்டுக்கொள்ளுங்கள். இதுகூட உச்சவரம்புதான். சின்ன ஆம்ப்பில் பெரிய ஃப்யூஸைச் செருகி ஏமாற்றுவோரும் உண்டு.

உங்களுக்கு வேண்டியது 4 ஓம்ஸில் சேனலுக்கு 60 முதல் 75 வாட்ஸ் ஆர்எம்எஸ் தரும் 4 சேனல் ஆம்ப். ஸ்பெக் பட்டியலில் ‘14.4 வோல்ட், 4 ஓம்ஸ், 1 சதவீதத்துக்கு மேற்படாத டிஸ்டார்ஷன்’ என்ற நிபந்தனையோடு வாட்ஸ் எழுதியிருந்தால் அந்த எண்ணை நம்பலாம். சிஇஏ-2006 என்ற அளவுமுறை கேட்பது அதைத்தான். 60-க்கும் 75-க்கும் காதில் தெரியும் வித்தியாசம் 1 டெசிபல்கூட இல்லை, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 18 வாட்ஸிலிருந்து 72-க்குப் போனால் 6 டெசிபல் கூடும். அது நன்றாகவே தெரியும்.

கம்பெனி ஸ்டீரியோவின் பின்னால் ஆர்சிஏ அவுட் (ஆம்ப்புக்குச் சிக்னல் கொடுக்கும் சாக்கெட்) இல்லையென்றால், ஸ்பீக்கர் ஒயரையே நேராக வாங்கிக்கொள்ளும் ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப்பாகப் பார்த்து வாங்குங்கள். காரின் ஒயரிங்கை வெட்டவிடாதீர்கள். உங்கள் மாடலுக்கான கப்ளர் கிட் சென்னை ஜிபி ரோடு போன்ற அக்சஸரிஸ் மார்க்கெட்டில் கேட்டால் கிடைக்கும். பின் ஸ்பீக்கர்களை ஸ்டீரியோவிலேயே விட்டுவிடலாம், பின்னால் பாட்டு உரக்கக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஆம்ப்பில் மீதியாகும் 3, 4-ஆம் சேனல்களைப் பிரிட்ஜ் செய்து (இரண்டையும் ஒன்றாக்கி) ஒரு சப்வூஃபரை (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

12 இன்ச் சப்வூஃபர் வாங்கிவிட்டேன். இரட்டை வாய்ஸ் காயில், 4+4 ஓம்ஸ், 300 வாட்ஸ் ஆர்எம்எஸ். என்னிடம் இருக்கும் 4 சேனல் ஆம்ப்பில் இரண்டு சேனலைப் பிரிட்ஜ் செய்து கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் சிவப்பு லைட் எரிந்து நின்றுவிடுகிறது. ஆம்ப் பழுதா?
– வாசகர், மதுரை

ஆம்ப் நன்றாகத்தான் இருக்கிறது, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. இரண்டு காயிலையும் பேரலலாகக் கட்டியிருப்பார்கள், அப்போது 2 ஓம்ஸ். பிரிட்ஜ் செய்தால் ஒவ்வொரு சேனலும் அதில் பாதியை, 1 ஓம்ஸை, சுமக்க வேண்டும். பெரும்பாலான 4 சேனல் ஆம்ப்கள் பிரிட்ஜில் 4 ஓம்ஸுக்குக் கீழே தாங்காது. காயில்களைச் சீரிஸில் கட்டினால் 8 ஓம்ஸ். ஆம்ப்புக்கு ஆபத்தில்லை, ஆனால் 4 ஓம்ஸில் வரும் பவரில் ஏறக்குறைய பாதிதான் வரும்.

உங்கள் சப்வூஃபருக்குச் சரியான ஜோடி, 2 ஓம்ஸில் 300 வாட்ஸ் ஆர்எம்எஸ் தரும் கிளாஸ் டி மோனோ பிளாக் (ஒரே சேனல் ஆம்ப்). ‘1 ஓம்ஸில் 500’ என்று எழுதியதைப் பார்த்து வாங்கினால் அந்த 500 உங்களுக்கு ஒருநாளும் கிடைக்காது. ஒற்றை 4+4 சப்வூஃபரால் 1 ஓம்ஸ் காட்டவே முடியாது. இனிமேல்தான் வாங்கப்போகிறவர்கள், 4 சேனலைப் பிரிட்ஜ் செய்யும் எண்ணம் இருந்தால், 2+2 ஓம்ஸ் சப்வூஃபரை எடுத்துச் சீரிஸில் 4 ஓம்ஸ் ஆக்கிக்கொள்ளுங்கள்.

இணைக்கும் முன் மல்டிமீட்டரால் ஒருமுறை அளந்துவிடுங்கள். 4 ஓம்ஸ் காயில் மீட்டரில் 3.2 முதல் 3.7 வரை காட்டும், அது சரியே. 2 ஓம்ஸ் இணைப்பு 1.6-1.8 காட்டும்.

ஆன்லைனில் 8 கேஜ் ஒயரிங் கிட், ‘1500 வாட்ஸ் வரை’ என்று போட்டு 900 ரூபாய். 4 சேனல் ஆம்ப் ஒன்று, மோனோ ஒன்று, இரண்டும் சேர்த்து 600 வாட்ஸ் ஆர்எம்எஸ். போதுமா?
– வாசகர், ஈரோடு

போதாது. 600 வாட்ஸை 80 சதவீதத் திறனில் எடுக்க 750 வாட்ஸ் உள்ளே போக வேண்டும், அதாவது 54 ஆம்பியர். பானெட்டிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர் என்றால் சுத்தக் காப்பர் 8 கேஜ் ஒயரில் அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கும். 900 ரூபாய் கிட்டில் வருவது பெரும்பாலும் காப்பர் பூசிய அலுமினியம், அதில் முக்கால் வோல்ட்டையும் தாண்டும். 4 கேஜ் காப்பரில் கால் வோல்ட்கூட இறங்காது.

கேஜ் எண்ணை நம்பாமல் உலோகத்தின் பருமனைப் பாருங்கள். 4 கேஜ் என்றால் 21 சதுர மில்லிமீட்டர், 8 கேஜ் என்றால் 8.4. விரல் தடிமனுக்கு ரப்பரும் நடுவே பென்சில் முனை அளவு கம்பியுமாக இருக்கும் ‘4 கேஜ்’ ஒயர்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். எலக்ட்ரிகல் கடையில் 25 சதுர மி.மீ. காப்பர் வெல்டிங் கேபிள் மீட்டர் கணக்கில் வாங்குவது மலிவான மாற்று. நன்றாக வளையும். ‘காப்பர்’ என்று அழுத்திச் சொல்லி வாங்குங்கள், வெல்டிங் கேபிளிலும் அலுமினியம் உண்டு.

ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு 80 ஆம்பியர். அது காப்பாற்றுவது ஒயரை, ஆம்ப்பை அல்ல. ஃப்யூஸை டிக்கியில் வைத்தால், நடுவில் எங்காவது ஒயர் தோலுரிந்து பாடியில் பட்டதும் பேட்டரியின் மொத்தக் கரண்ட்டும் அதில் பாயும், கார் தீப்பிடிக்கும். இன்ஜின் அறையிலிருந்து உள்ளே நுழையும் துளையில் ரப்பர் புஷ் கட்டாயம். இரண்டு ஆம்ப்புக்கும் பிரியும் இடத்தில் ஃப்யூஸ் பிளாக் ஒன்று வையுங்கள். எர்த் ஒயரும் அதே பருமனில் இருக்கட்டும்.

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஊய்ய்’ என்று சத்தம் ஏறுகிறது. ஆர்சிஏ கேபிளை மாற்றியும் போகவில்லை.
– வாசகர், கோவை

இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் சத்தம். கேபிளை மாற்றுவதை விட்டு, எங்கே நுழைகிறது என்று கண்டுபிடியுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும். ஸ்டீரியோ, ஆம்ப் இரண்டையும் அணைத்து, ஆம்ப் முனையில் ஆர்சிஏவைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போதும் சத்தம் இருந்தால் குற்றம் ஆம்ப்பின் எர்த்திலோ ஆம்ப்பிலோ. நின்றுவிட்டால், சார்ஜரில் செருகாத செல்போனை 3.5 மி.மீ. ஆர்சிஏ கேபிளால் ஆம்ப்பில் நேராக இணைத்துப் பாட்டு போடுங்கள். சத்தம் இல்லையென்றால் ஆம்ப் பக்கம் சுத்தம், ஸ்டீரியோவையும் ஆர்சிஏ போகும் பாதையையும் பாருங்கள்.

எர்த்தைச் சோதிக்க ஓம்ஸ் அளப்பது வீண், சாதாரண மீட்டருக்கு அவ்வளவு சின்ன எண் பிடிபடாது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஆம்ப்பின் எர்த் டெர்மினலிலும், நீள ஒயர் கட்டி இன்னொரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் தொட்டு, பாட்டைச் சத்தமாக வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரியும் இடத்தில், பல் வாஷரோடு போல்ட் போட்டு முடுக்குங்கள். ஒயர் ஒன்றரை அடிக்கு மேல் நீளக்கூடாது. பிறகு துருப்பிடிக்காமல் மேலே பெயின்ட் பூசுங்கள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள். அது உயிர் காக்கும் போல்ட், அதன் இறுக்கத்தில் விளையாடக்கூடாது.

ஸ்டீரியோ பக்கம் என்றால், அதன் கருப்பு ஒயரை டேஷ்போர்டுக்குள் பாடியில் நேராகக் கொடுங்கள். ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் ஸ்டீரியோவின் உலோக உடம்புக்கும் நடுவே கன்டினியூட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பவர் ஆனில் இருக்கும்போதே ஆர்சிஏவைக் கழற்றி மாட்டினால் சில மாடல்களில் உள்ளே இருக்கும் எர்த் பாதை எரிந்துபோகும். பவர் ஒயர் ஒரு பக்கம், ஆர்சிஏ மறுபக்கம். குறுக்கே வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கூட்டல் குறி போல. ஆர்சிஏவின் நடுவே செருகும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கடைசி வழிதான், மலிவானவை பேஸைத் தின்றுவிடும்.

ஆறு மாதத்தில் இரண்டாவது முறையாக ட்வீட்டர் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) எரிந்துவிட்டது. ஆம்ப்பில் பவர் அதிகமா?
– வாசகர், தஞ்சாவூர்

பெரும்பாலும் கெயினை முழுக்கத் திருப்பியிருப்பீர்கள். கெயின் என்பது வால்யூம் அல்ல, ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் திருகு. அளவுக்கு மீறித் திருப்பினால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் சராசரி பவர் ஏறுகிறது, புதிதாக மேல் அதிர்வுகளும் முளைக்கின்றன. அவை நேராகப் போய்ச் சேருமிடம் ட்வீட்டர். மயிரிழை மாதிரிக் காயில், எவ்வளவு தாங்கும்?

ஈக்வலைசர் ஃபிளாட், பேஸ் பூஸ்ட், லவுட்னெஸ் எல்லாம் பூஜ்யம். ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப்பிலிருந்து கழற்றுங்கள். 0 டெசிபலில் பதிவான 400 ஹெர்ட்ஸ் டோனை பென் டிரைவில் போட்டு ஓட்டுங்கள், புளூடூத் வேண்டாம். 1000 ஹெர்ட்ஸ் டோன் எல்லோரும் சொல்வதுதான், ஆனால் மலிவு மல்டிமீட்டர்கள் 400-க்கு மேல் ஏசியைச் சரியாக அளக்காது. ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்துங்கள். வாட்ஸை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேண்டிய வோல்ட் கிடைக்கும். 60 வாட்ஸ், 4 ஓம்ஸ் என்றால் 15.5 வோல்ட். மீட்டர் ஏசியில் அதைக் காட்டும்வரை கெயினை மெல்லத் திருப்பி அங்கேயே விடுங்கள். சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ் டோன். 300 வாட்ஸ், 2 ஓம்ஸுக்கு 24.5 வோல்ட். ஆம்ப்பின் ஆர்எம்எஸ், ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் இரண்டில் எது குறைவோ அதைக் கணக்கில் எடுங்கள். அதன்பின் முக்காலுக்கு மேல் வால்யூம் வைக்கக்கூடாது.

கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் (கீழே உள்ளதை வெட்டுவது) 80 ஹெர்ட்ஸ், சப்வூஃபருக்கு லோ பாஸ் (மேலே உள்ளதை வெட்டுவது) 80 ஹெர்ட்ஸ் என்று தொடங்குங்கள். பேஸ் பூஸ்ட்டை 12 டெசிபல் ஏற்றினால் அந்த அதிர்வில் 16 மடங்கு பவர் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். எந்த ஆம்ப்பாலும் முடியாது.

பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது. 1 ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் சரியாகுமா?
– வாசகர், திருப்பூர்

ஆகாது. ஈரோடு வாசகருடையது போல 54 ஆம்பியர் இழுக்கும் சிஸ்டத்தில், ஒரு வோல்ட் இறங்குவதற்குள் கெப்பாசிட்டர் தாங்குவது ஒரு விநாடியில் 54-இல் ஒரு பங்கு. ஒரு பேஸ் அடிக்கே காணாது. அந்தப் பணத்தில் பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், இன்ஜினிலிருந்து பாடிக்கும், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கும் தடித்த ஒயர் கூடுதலாகப் போடுங்கள். பேட்டரிக்கு வயதாகிவிட்டதா என்றும் பாருங்கள்.

இரண்டு நாள் காரை எடுக்காவிட்டால் ஸ்டார்ட் ஆவதில்லை. ஆம்ப் போட்ட பிறகுதான் இப்படி.
– வாசகர், காரைக்குடி

ரிமோட் ஒயரை (ஆம்ப்பை ஆன் செய்யச் சொல்லும் ஒயர்) நிரந்தர 12 வோல்ட்டில் கொடுத்திருப்பார்கள். ஆம்ப் சும்மா இருக்கும்போதே ஓர் ஆம்பியர் அளவு இழுத்தால், சின்ன பெட்ரோல் காரின் 35 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டு நாளில் காலி. சாவியை எடுத்த பிறகும் ஆம்ப்பின் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் ரிமோட்டை ஸ்டீரியோவின் நீல-வெள்ளை ஒயருக்கு மாற்றுங்கள். அது இல்லாத ஸ்டீரியோ என்றால், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃப்யூஸிலிருந்து எடுங்கள்.

மே மாத மதியத்தில் மட்டும் ஆம்ப் நின்றுவிடுகிறது. சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
– வாசகர், வேலூர்

கார்பெட்டால் மூடியிருந்தால் எடுங்கள். நாலு பக்கமும் 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, ஃபின்கள் மேலே பார்க்கும்படி பொருத்துங்கள். சப்வூஃபர் பெட்டியின் மேல் மாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அதிர்வில் உள்ளே சால்டரிங் விட்டுப்போகும். வெயிலில் நிறுத்திய காரை எடுத்தால் ஏசி போட்டு உள்ளே ஆறும்வரை வால்யூமைக் குறைத்து வையுங்கள்.

எலக்ட்ரிக் காரில் ஆம்ப் போடலாமா?
– வாசகர், ஓசூர்

போடலாம். அதிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். அதைச் சார்ஜ் செய்வது ஆல்டர்னேட்டர் அல்ல, டிசி-டிசி கன்வெர்ட்டர். அதன் கொள்ளளவில் பெரும்பகுதியைக் காரே பயன்படுத்திக்கொள்ளும் என்பதால் கிளாஸ் டி ஆம்ப்பாக, 300-400 வாட்ஸ் ஆர்எம்எஸ்ஸுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. ஆரஞ்சு நிற கேபிள் எங்கே தெரிந்தாலும் அதன் பக்கம் டிரில் போகக்கூடாது, அதில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட்.