வரியும் சலுகையும் அழைத்துவரும் கார் ஆலைகள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

திருவொற்றியூரில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். அம்பத்தூரில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு ஜாப் ஒர்க்காகக் கார் உதிரி பாகங்களைக் கடைந்து கொடுக்கிறோம். 2025 ஏப்ரலில் அமெரிக்கா வெளிநாட்டுக் கார்களுக்கு 25 சதவீத வரி விதித்ததிலிருந்து, அந்நிய நிறுவனங்கள் அங்கே ஆலை கட்டப்போவதாகச் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. இங்கே நம் அரசு நிலமும் வரிச்சலுகையும் கொடுத்து அவர்களை அழைக்கிறது. அப்படி வந்த ஃபோர்டு நிறுவனம் மறைமலை நகரில் கார் உற்பத்தியை 2022-ல் நிறுத்திவிட்டது. வரி போட்டால் ஆலை வரும் என்பது உண்மையா? சலுகைக்காக வருகிறவர்கள் போய்விடுவார்கள் என்றால் மக்கள் பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்? மகன் டிப்ளமோ முடிக்கப்போகிறான். பட்டறையைப் பெரிதாக்குவதா, அவனைப் பெரிய ஆலைக்கு வேலைக்கு அனுப்புவதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

செ., திருவொற்றியூர்

அன்புள்ள செ. அவர்களுக்கு,

வரி போட்டால் ஆலை வரும் என்பது பெரும்பாலும் உண்மைதான். அதற்குச் சான்று தேடி அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை, உங்கள் பட்டறையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை போனால் போதும். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ஆஸ்டின் கார்களைப் பாகங்களாக இறக்கி அங்கே பூட்டி விற்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அப்போது இந்தியாவில் இதே பூட்டுவேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. 1953-ல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்ற மத்திய அரசு, பாகங்களைப் படிப்படியாக உள்நாட்டிலேயே செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இனி இடமுண்டு என்று முடிவெடுத்தபோது, அந்த இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் வெளியேறின. எண்ணூர் ஆலையோ இங்கிலாந்தின் லாரி நிறுவனமான லேலண்டைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டு, 1955-ல் அசோக் லேலண்டு என்று பெயர் மாற்றி, லாரியையும் பஸ்ஸையும் இங்கேயே செய்யக் கற்றது. அதே ஆண்டில் உங்கள் ஊரில் என்ஃபீல்டு நிறுவனம், இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு புல்லட்டைப் பூட்டத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் பாகங்களைச் செய்யும் கருவிகளை வாங்கி, 1962 வாக்கில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யும் நிலைக்கு அது வந்துவிட்டது. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் நிற்காமல் ஓடியதற்கு அதுவே காரணம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வரி ஒரு நிறுவனத்தை வாசல் வரை கொண்டுவரும், சலுகை எந்த ஊர் வாசல் என்பதைத் தீர்மானிக்கும். ஆனால் வந்த நிறுவனம் நிலைக்குமா என்பது, பாகங்களும் கருவிகளும் கைத்திறனும் அந்த மண்ணில் எவ்வளவு ஆழமாக இறங்கின என்பதைப் பொறுத்தது.

அமெரிக்காவின் கதையும் இதையே சொல்கிறது. சிறு லாரிகளுக்கு 1964-ல் அவர்கள் விதித்த 25 சதவீத வரி இன்றுவரை நீடிக்கிறது. 1981-ல் அமெரிக்காவின் நெருக்கடியால் ஜப்பான் அங்கே அனுப்பும் கார்களை ஆண்டுக்கு 16.8 லட்சத்துக்குள் நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. நெருக்கடி முற்றும் முன்பே ஒஹாயோவில் ஆலைக்குத் திட்டமிட்டிருந்த ஹோண்டா 1982-ல் அங்கே கார் செய்தது. 1983-ல் டென்னசியில் திறந்த நிசான் ஆலை முதலில் செய்தது சிறு லாரியைத்தான். இந்த நிறுவனங்களுக்குப் பின்னாலேயே அவர்களுடைய பாகத் தயாரிப்பாளர்களும் போய்க் குடியேறியதால் அந்த ஆலைகள் இன்றும் ஓடுகின்றன. மாறாக, பென்சில்வேனியா மாநிலம் சலுகைகள் கொடுத்து வரவழைத்த ஃபோக்ஸ்வாகன் ஆலை 1978-ல் தொடங்கி, கார்கள் விற்காமல் 1988-லேயே மூடப்பட்டது. ஆஸ்திரேலியாவின் அனுபவம் இன்னும் கசப்பானது. 1980-களில் 57.5 சதவீதமாக இருந்த கார் இறக்குமதி வரியைப் படிப்படியாக 2010-ல் 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, அரசின் உதவித்தொகையும் தொடராது என்று தெரிந்தபோது, 2016-ல் ஃபோர்டும் 2017-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸின் ஹோல்டனும் அங்கே உற்பத்தியை முடித்துக்கொண்டன.

நம் மாநிலத்துக்கு வருகிறேன். 1990-களின் இறுதியில் மறைமலை நகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் ஆலை திறந்தபோது, வரியோடும் சலுகையோடும் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. 1997 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த கொள்கையின்படி, அந்நியக் கார் நிறுவனங்கள் குறைந்தது 5 கோடி டாலர் முதலிட வேண்டும், மூன்றாம் ஆண்டில் 50 சதவீதமும் ஐந்தாம் ஆண்டில் 70 சதவீதமும் உள்நாட்டுப் பாகங்களைப் பயன்படுத்த வேண்டும் என்று ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியும் அம்பத்தூரிலும் உதிரி பாகத் தொழில் பெருகியதில் அந்த நிபந்தனைக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்து, 2001-ல் அது விதிகளுக்கு முரண் என்ற தீர்ப்பைப் பெற்றன. அதே நாடுகள் இன்று தம் ஊரிலேயே ஆலை வேண்டும், தம் ஊர்ப் பாகங்களே வேண்டும் என்று கேட்பதைக் காணும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

ஃபோர்டு சலுகை தீர்ந்ததால் போகவில்லை. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று அந்த நிறுவனமே 2021-ல் அறிவித்தது. விற்காத காரைச் சலுகையால் விற்க முடியாது. அங்கே வேலை இழந்தவர்கள் போராடி, பேசி இழப்பீடு பெற்றார்கள். ஆனால் இரண்டு அடுக்கு கீழே அதே பாகத்தைக் கடைந்துகொண்டிருந்த உங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு அந்தப் பேச்சுவார்த்தையில் இருக்கையே கிடையாது. அரசு போடும் ஒப்பந்தங்களின் முழு விவரத்தையும் மக்கள் முன் வைக்க வேண்டும் என்று நான் தொடர்ந்து எழுதுவது இதற்காகத்தான். எத்தனை நிரந்தர வேலைகள், எத்தனை பேர் காண்ட்ராக்டில், உள்ளூர்ப் பாகங்கள் எத்தனை சதவீதம், பாதியில் போனால் திருப்பித் தர வேண்டியது எவ்வளவு என்பவை எழுதப்படாமல் கொடுக்கும் சலுகையை நான் ஆதரிக்க மாட்டேன். எழுதப்பட்டால் மனமார ஆதரிப்பேன். ஒரகடத்துக் கார்களைக் கப்பலேற்ற நம் காமராஜர் துறைமுகம் வேண்டும், அவற்றைச் சுமக்கும் டிரெய்லர்களுக்கு நம் சாலைகள் வேண்டும் என்னும்போது, வடசென்னைப் பிள்ளைகளுக்கான நிரந்தர வேலையும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

மின்சாரக் கார்களுக்காக 2024-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம் இவ்வகையில் சரியான திசையில் இருக்கிறது. 4,150 கோடி ரூபாய் முதலிட்டு, உள்நாட்டு மதிப்பை மூன்றாண்டில் 25 சதவீதத்துக்கும் ஐந்தாண்டில் 50 சதவீதத்துக்கும் உயர்த்த ஒப்புக்கொள்ளும் நிறுவனம், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கார்களை 15 சதவீத வரியில் இறக்கலாம். சொன்னதைச் செய்யாவிட்டால் வங்கி உத்தரவாதம் பறிபோகும். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் திறந்த வின்ஃபாஸ்ட் ஆலை இப்போது வியட்நாமிலிருந்து வரும் பாகங்களைப் பூட்டுகிறது. எண்ணூரும் ஒரு காலத்தில் அப்படித்தான் தொடங்கியது என்பதால் அதைக் குறைத்துப் பேசமாட்டேன், ஆனால் வெளியிலிருந்து வரும் அந்தப் பாகங்கள் ஆண்டுதோறும் குறைகின்றனவா என்று அரசு கவனிக்க வேண்டும்.

இனி உங்கள் வீட்டுப் பேச்சு. அமெரிக்கா 2025 மே முதல் உதிரி பாகங்களுக்கும் அதே 25 சதவீத வரியை விதித்தது. இந்தியாவிலிருந்து அங்கே போவதில் முழுக் கார்கள் சொற்பம், பாகங்களே மிகுதி. ஆகவே அம்பத்தூர் நிறுவனம் உங்கள் பாகத்தை எங்கே அனுப்புகிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சினுக்குள் போகும் பாகம் என்றால், மின்சாரக் கார் பெருகப் பெருக அதன் தேவை குறையும். மறைமலை நகரில் 3,250 கோடி ரூபாயில் 2029 முதல் எஞ்சின் செய்யப்போவதாக ஃபோர்டு 2025 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டிருப்பதால் அந்த வேலை உடனே அற்றுப்போகாது. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பாகங்கள் எந்தக் காருக்கும் வேண்டும். ஒரே நிறுவனத்தை நம்பிக் கடன் வாங்கி இயந்திரம் போடாதீர்கள். மகன் இரண்டு மூன்று ஆண்டுகள் கருவிகள் செய்யும் ஒரு டூல் ரூமில் அச்சும், பாகத்தின் அளவைச் சோதிக்கும் கேஜும் செய்யப் பழகிவிட்டு வரட்டும், பட்டறையை விரிவாக்குவதை அப்போது இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.