ஆப்பிரிக்காவில் ஒரு யூத நாடா?

கேள்வி: யூதர்கள் குடியேறுவதற்கு ஆப்பிரிக்காவில் நிலம் தர பிரிட்டன் முன்வந்தது என்கிறார்களே, உண்மையா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உண்மைதான். 'உகாண்டா திட்டம்' என்று பெயர் பெற்றாலும், 1903-இல் குடியேற்ற நாடுகளுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் தொடங்கிவைத்த அந்த யோசனையில் பேசப்பட்ட நிலம் இன்றைய கென்யாவிலுள்ள உவாசின் கிஷு பீடபூமியாகும். அங்கே கால்நடை மேய்த்து வந்த மாசாய், நந்தி மக்களை யாரும் கலந்தாலோசிக்கவில்லை என்பதை வரலாற்றைப் பேசுவோர் பலரும் சொல்லாமலே கடந்துவிடுகிறார்கள்.

அவ்வாண்டு ஏப்ரலில் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் யூதர்கள் படுகொலை செய்யப்பட்டிருந்ததால், தற்காலிகப் புகலிடமாவது வேண்டும் என்று கருதினார், யூதர்களுக்குத் தனித் தாயகம் கோரிய சியோனிச இயக்கத்தின் தலைவர் தியோடர் ஹெர்சல். ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் கூடிய அவ்வியக்கத்தின் ஆறாவது மாநாட்டில் இதை முன்வைத்தார். நிலத்தைப் பார்வையிடக் குழு அனுப்பும் தீர்மானம் 295-க்கு 178 என்ற வாக்குகளில் நிறைவேறியதும், இது பாலஸ்தீனத்தைக் கைவிடுவதாகும் என்று கருதிய ரஷ்யப் பிரதிநிதிகள் வெளிநடப்புச் செய்தனர். அவர்களுள் சிலர் தரையில் அமர்ந்து கதறி அழுதனர். படுகொலை நடந்த கிஷினேவிலிருந்து வந்தவர்களே எதிர்த்து நின்றதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. நிறைவுரையில் ஹெர்சல் வலக்கையை உயர்த்தி, "எருசலேமே, நான் உன்னை மறந்தால்" என்று தொடங்கும் விவிலியத் திருப்பாடல் அடியை எபிரேயத்தில் கூறி அவர்களைத் தேற்ற முயன்றார்.

ஹெர்சல் 1904-இல் மறைந்தார். 1905-இல் ஏழாவது மாநாடு திட்டத்தை நிராகரித்தது; அந்த முடிவை ஏற்காத யூத எழுத்தாளர் இஸ்ரேல் சாங்வில் பிரிந்து சென்று தனி அமைப்புக் கண்டார். பாலஸ்தீனமே ஒரே இலக்கு என்று இயக்கம் உறுதிப்பட்டது அப்போதுதான்.