வேகமாக மாறும் தொழில்நுட்பச் சந்தையில் உத்தி: ஆராய அப்படி என்ன இருக்கிறது?

தொழில்நுட்பம் ஓயாமல் மாறும் துறையில் உத்தி வகுப்பதை ஒரு பேராசிரியர் வாழ்நாள் முழுக்க ஆராய என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் கேத்லீன் ஐசன்ஹார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பொறியியல் படித்துவிட்டு மேலாண்மைக்கு வந்தவர்.

அவருடைய 1989 ஆய்வுதான் எனக்குப் பிடித்தது. மைக்ரோகம்ப்யூட்டர் (சிறு கணினி) துறையின் 8 நிறுவனங்களில் மேல்மட்ட நிர்வாகிகளிடம் பேசி, முக்கிய முடிவுகள் எப்படிப் பிறந்தன என்று துருவினார். சட்டென்று முடிவெடுப்பவர்கள் அரைகுறைத் தகவலோடு குதிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? கிடைத்ததோ நேர்மாறு. வேகமானவர்கள்தான் அதிகத் தகவலைப் பார்த்தார்கள். ஆனால் அது வருங்காலக் கணிப்பு அல்ல. சரக்கு இருப்பு, ரொக்கம், ஆர்டர் என்று அன்றன்றைய நிலவரம். பல வழிகளை ஒரே நேரத்தில் மேஜையில் போட்டு ஒப்பிட்டார்கள். மெதுவானவர்கள் ஒரே வழியை அலசு அலசென்று அலசி, அது சரிப்படாவிட்டால்தான் அடுத்ததைத் தொட்டார்கள். சரி, எல்லோரும் ஒத்துப்போகாவிட்டால்? வேகமானவர்கள் காத்திருக்கவில்லை. தலைமை நிர்வாகியும் அந்த விஷயத்துக்குப் பொறுப்பான நிர்வாகியும் முடிவு செய்துவிட்டார்கள்.

அப்புறம் 2000இல் ஜெஃப்ரி மார்ட்டின் என்ற ஆய்வாளரோடு எழுதிய கட்டுரையில், சந்தை வேகமாக மாறும்போது விரிவான நடைமுறைகளைவிட ஒரு சில எளிய விதிகளே கைகொடுக்கும் என்றார்.

எட்டே நிறுவனங்களை வைத்து இவ்வளவு சொல்லலாமா? நியாயமான சந்தேகம்தான். அதே 1989இல், சில நிறுவனங்களை ஆழமாகப் பார்த்துக் கோட்பாடு உருவாக்குவது எப்படி என்று தனிக் கட்டுரையே எழுதினார். மேலாண்மை ஆய்வாளர்கள் இன்றும் அதைப் பரவலாக மேற்கோள் காட்டுகிறார்கள்.